வாசற்கல்லைத் தாண்டினவர்கள்

கற்பிட்டி ரோட்டால் போகிறவர்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் வாகனத்தை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். வடக்கே சண்டை முடிந்த பிறகு வந்த பழக்கம் இது. அதற்கு முந்தி இந்த இடத்தில் நின்றவர்கள் ஆமிக்காரரும் கருவாட்டு லொறிக்காரரும் மட்டும்தான். போன மாதம் ஒரு ஹோட்டல்காரர் வந்து, கேட்டுக் கேள்வி இல்லாமல், மதிலில் ஒரு பலகையை அடித்துவிட்டுப் போயிருந்தார். ஒல்லாந்தக் கவர்னர் ஒருவர் கட்டி வாழ்ந்த மாளிகை இது என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஆனாலும் பொய்யை வாசித்தால் எனக்குத் தெரியும். பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டேன். நல்ல பலகை.

என்னோடு பிறந்து வளர்ந்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இந்தக் கரையில் ஏழெட்டுப் பேர் இருப்போம். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். பிழை இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள், தேத்தண்ணி தருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பாலாவிச் சந்தியில் ஓலைப்பெட்டியில் கருவாடு வைத்து விற்றவள் நான். இன்றைக்கு மாம்புரியில் எனக்கு இரண்டு மீன் வாடி, மூன்று லொறி, பன்னிரண்டு ஏக்கர் தென்னை. புருஷன் தந்ததும் இல்லை, புள்ளைகள் தந்ததும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் அந்தப் பலகை மாதிரித்தான் ஆகும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் நான் சம்பாதித்ததில் முதலாவது இந்த வீடு. அதை எட்டு வயதில் சம்பாதித்தேன். என் இரண்டு காலால்.

வீடு கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. சுவர்த் தடிப்பில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். கதவுக்குக் கைப்பிடி இல்லை, வளையம்தான். அதைத் தட்டினால் கடல்நீர்க் களப்பில் வலை போடுகிறவனுக்கும் கேட்கும். ஒல்லாந்தர் காலத்தில் பண்டகசாலை பார்த்த ஒருத்தர் கட்டினது என்றும், இங்கிலீசுக்காரன் வந்து அவர் ஊரைவிட்டுப் போகிற நேரம், கயிறும் சுண்ணாம்பும் கொடுத்துவந்த எங்கள் மூத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றும் எங்கள் வீட்டுக் கதை.

எழுதிக் கொடுத்தது கடுதாசியில் இல்லை, கல்லில். முன்வாசற்படியாகக் கிடந்தது அந்தக் கல். ஒரு பாய் அகலம், கறுப்பு நிறம், மேலே வரிவரியாக எழுத்து. வாசிக்க யாருக்கும் தெரியாது. ஆனால் அதுதான் வீட்டு உறுதி, உரிமைப் பத்திரம், என்று எல்லாருக்கும் தெரியும். உறுதியை யார் மிதிப்பார்கள்? இடப்பக்கச் சுவரோடு கையை ஊன்றி, வலது காலை எட்டிப் போட்டு, கல்லைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வயிறு தள்ளின பெண்பிள்ளைகளும் அப்படித்தான். பக்கத்து வீட்டார், தயிர்க்காரி, எல்லாரும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் கிணற்றில் அள்ளுகிற முதல் வாளி அந்தக் கல்லுக்கு. பள்ளிவாசல் லெப்பை ஒரு நாள் உம்மாவைப் பிடித்துக்கொண்டாராம்.

"கல்லக் குளிப்பாட்டச் சொல்லி எந்தக் கிதாபுல இரிக்கி?"

"நீங்க உங்கட கிதாபுல தூசி தட்டுறல்லியா லெப்பை? இது எங்கட உறுதி. ஊத்த பிடிக்க விடலாமா?"

லெப்பையும் கல்லைத் தாண்டி உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாராம்.

இதெல்லாம் நான் கேட்டு அறிந்தது. எனக்கு மூன்று வயதாக இருக்கிற நேரம் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து வீட்டை எடுத்துக்கொண்டது. பெரிய யுத்தம் நடந்த காலம். களப்புத் தண்ணீரில் ஆகாயக் கப்பல்கள் இறங்கின. எங்கள் வீடு அவர்களுக்குச் சாமான் வைக்க வசதியாக இருந்தது. நாங்கள் தென்னந்தோட்டத்து ஓரத்தில் கிடுகுக் கொட்டில் கட்டிக்கொண்டு போனோம். உம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாவாம். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த வீட்டை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பெற்றோல் மணம், தகரப் பீப்பா உருளுகிற சத்தம், சிவந்த கால்களோடு தோசை மாவு நிறத்தில் மனிதர்கள். அவ்வளவுதான் எனக்கு அந்த வீடு.

யுத்தம் முடிந்தது. பட்டாளம் போனது. திறப்பு மட்டும் எங்களுக்கு வரவில்லை. கதவில் அரசாங்கக் கச்சேரிப் பூட்டு, காவலுக்கு ஒரு வோச்சர். அவன் சிலாபப் பக்கத்து ஆள், சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பான். வீட்டுக்கு உரிமை கோருகிறவர்கள் எழுத்துமூலத்தோடு புத்தளம் கச்சேரிக்கு வர வேண்டும் என்று ஊர் விதானை வந்து சொன்னார்.

எங்களிடம் கடுதாசி எங்கே இருக்கும்? எங்கள் ஆக்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவின் உம்மாவிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து மூத்த மகளுக்கு. நிக்காஹ் நடக்கும்போது பள்ளிவாசல் பெரியவர்களுக்கு முன்னால் வாயால் சொல்வார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை.

அந்த வருஷம் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பதினேழு வயது. தில்லையடிப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. நல்ல பெடியன், உப்பளத்தில் கங்காணி வேலை. அவனுடைய உம்மா ஒரு நாள் எங்கள் கொட்டிலுக்கு வந்து, கூரையைப் பார்த்தா, தரையைப் பார்த்தா, பிறகு எங்களைப் பார்த்தா.

"மாப்பிள எங்க வந்து இரிக்கிற?"

"இன்ஷா அல்லாஹ், பெரிய ஊட்டுல," என்றா உம்மா.

"பெரிய ஊட்டுட திறப்பு எங்க?"

"வரும்."

"வரட்டும். வந்தா சொல்லி அனுப்புங்க. ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பார்ப்போம். அதுக்குப் பொறகு எங்களக் குத்தம் சொல்லாதீங்க. கிடுகுக் கொட்டில்ல வந்து குந்துறதுக்கா என்ட மகன நான் வளத்த?"

மறைப்புக்குப் பின்னால் ராத்தா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவுகிற சத்தம் மாறினது எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சம்பலில் சிரட்டைத் தூள் இருந்தது. வாப்பா அதையும் சாப்பிட்டார்.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். களப்பில் தோணி ஓட்டுகிறவர். கதை குறைவு. சபையில் யாராவது குரலை உயர்த்தினால் இவர் தன் சாறனைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவார். பயந்தவர் என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் அதிகாரம் மாமாவுக்கு. உம்மாவுடைய தம்பி அவர். கொழும்புக்கு இரண்டு தரம் போய் வந்தவர், சப்பாத்துப் போடுகிறவர்.

"பக்கத்து ஊட்டுச் சனத்தக் கூட்டிக்கிட்டுப் போய் உள்ளதச் சொல்லுவம்," என்றார் வாப்பா.

"சாட்சியா? உறுதியே இரிக்கக்குள்ள சாட்சி என்னத்துக்கு மச்சான்?" மாமா சிரித்தார். "கல்லக் கொண்டு போய் துரைட மேசைல வைப்பம். வாசிச்சிட்டுத் திறப்பத் தராம என்ன செய்வான்?"

இரண்டு அலவாங்கு, நாலு ஆள். வோச்சர் தடுக்கவில்லை. "கல்லுத்தானே, எடுங்க. ஊட்ட மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க, என்ட வேல போயிரும்," என்றான். கல்லைக் கிளப்பின குழியில் கடற்கரை மணலைப் போட்டு நிரப்பினதும் அவன்தான்.

உம்மாவின் புதுப் பாயில் கல்லைச் சுற்றி, வைக்கோல் போட்டு, மாட்டுக் கரத்தையில் ஏற்றினார்கள். நானும் போக வேண்டும் என்று அழுதேன். அழுது காரியம் பார்ப்பது எனக்கு அப்போதே கைவந்த வித்தை. இரண்டு நாள் பயணம், பாலாவியில் தங்கிப் போனோம். நான் பாயில் சுற்றின கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் கரத்தைப் பலகை சுட்டாலும் கல் குளிர்ந்தே கிடந்தது, காலை ஒட்டி வைத்துக்கொண்டேன். வழியில் உப்புப் பாத்தியில் நின்றவர்கள் கேட்டார்கள்.

"என்ன சாமான் அது?"

"ஊட்டு உறுதி," என்றார் மாமா.

"உறுதிக்கு இவ்வளவு பாரமா?"

"சொத்து பெருசு தம்பி."

கச்சேரி விறாந்தையில் ஆறு பியோன்மார் சேர்ந்து கல்லை இறக்கினார்கள். மாமா கூஜாத் தண்ணீரை ஊற்றித் துடைத்தார். எழுத்துகள் நேற்றுத்தான் கொத்தினது மாதிரித் தெளிவாக எழும்பின. துரை வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, வெள்ளை உடுப்புப் போட்ட நம் நாட்டு மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு வயதான கிளாக்கர். ஒல்லாந்தர் வழியில் வந்தவர், ஆனால் எங்களைப் போலத் தமிழ் கதைப்பார்.

"ஒல்லாந்தர் எங்கட மூத்தவங்களுக்கு எழுதித் தந்த உறுதி, துரை," என்று மாமா தொடங்கினார். "வடக்கெல்ல, தெக்கெல்ல எல்லாம் இதுல இரிக்கி."

கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்துக்கொண்டு போனார். கடைசி வரிக்கு வந்து, திரும்ப மேலே போய், இன்னொரு தரம் வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகளுக்கு எத்தின வயசு?"

"எட்டு."

"ம்," என்றார். எழுந்து துரையிடம் இங்கிலீசில் சொன்னார். பிறகு எங்களிடம் தமிழில் சொன்னார். "இது உறுதி இல்லை. ஒரு பெண் பிள்ளையின் கல்லறைக் கல். தகப்பன் பண்டகசாலையில் வேலை. பிள்ளைக்கு வயது எட்டு வருஷம், மூன்று மாதம், பதினொரு நாள்."

பெயரையும் வாசித்தார். என் வாயில் நுழையாத பெயர்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்களுக்கு மீசான் எப்பிடி இரிக்கும் எண்டு தெரியாதா? எங்கட மையவாடில போய்ப் பாருங்க. மீசான் எண்டா நட்டு வைக்கிற. படுக்க வைக்கிறல்ல. எழுத்தும் வெட்டுறல்ல. இவர் ஒல்லாந்தன்ட பேரன், ஊட்ட அவங்க ஆளுக்கு எடுக்கப் பார்க்கிறார்!"

அந்தக் கோபத்தை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் மையவாடியில் செல்வந்தனுக்கும் ஏழைக்கும் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைதான். படுத்துக் கிடக்கிற கல்லில் அழகாக எழுத்துக் கொத்தி இருந்தால் அது சொத்துக்குத்தான் இருக்க வேண்டும் என்று ஏழு தலைமுறை நம்பியிருக்கிறோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தில் எவ்வளவு மரியாதை என்பது வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியாது.

கிளாக்கர் கோபப்படவில்லை. கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். "நான் இந்தக் கரையில் நிறைய இடத்தில் இப்படிக் கல் பார்த்திருக்கிறேன். துவைகல்லாக, படியாக. எல்லாவற்றிலும் எழுத்து அழிந்து போயிருக்கும். இது எங்கே கிடந்தது?"

"வாசப்படில," என்றார் மாமா.

"வாசற்படியில் கிடந்த கல்லில் எழுத்து எப்படி நிற்கும்?"

அப்போதுதான் வாப்பா வாயைத் திறந்தார். கச்சேரிக்கு வந்து அவர் பேசின முதல் பேச்சு அது.

"நாங்க மிதிக்கிறல்ல துரை. தாண்டிப் போவம்."

துரை குனிந்து கல்லைப் பார்த்தார். "கல்லால் வீடு உங்களுக்கு ஆகாது," என்றார். "இன்னும் இரண்டு கிழமையில் நான் அங்கே வருவேன். அயலில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு வையுங்கள்."

கல் விறாந்தையிலேயே கிடந்தது. திருப்பி ஏற்ற யாருக்கும் மனம் இல்லை. திரும்பி வருகிற வழியில் மாமா வாப்பாவிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தாண்டுகிற கதையைச் சொல்லி எங்களைக் காட்டுச் சனம் ஆக்கிவிட்டார் என்று அவருக்குக் கோபம்.

ஆனால் மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்த இரண்டு கிழமையும் ஊருக்குப் பாடம் நடத்தினார். "எத்தின தலைமுற எண்டு கேட்டா ஏழு எண்டு சொல்லணும். யார்ட ஊடு எண்டு கேட்டா?" என்று என் காதைப் பிடித்துக் கேட்பார். "இது எங்கட ஊடு, எங்கட உம்மாட ஊடு" என்று நான் ஒப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு படித்ததில்லை. நடுவில் மாப்பிள்ளையின் உம்மா ஆள் அனுப்பிக் கேட்டா, திறப்பு வந்துவிட்டதா என்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. ராத்தா சோறு இறங்காமல் மெலிந்து போனா. அவவுடைய வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது.

துரை வருகிற நாள் காலையில் வோச்சர் வீட்டைக் கூட்டி, வாசலில் தான் நிரப்பின மணலையும் விளக்குமாற்றால் இழுத்துச் சமப்படுத்தி வைத்தான். துரையும் கிளாக்கரும் உள்ளே போனார்கள். பட்டாளம் விட்டுப்போன இரும்புக் கட்டிலில் துரை இருந்தார். கிளாக்கர் கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் புத்தகம் வைத்து எழுதினார். ஒவ்வொருத்தராக முன்வாசலால் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, பின்கதவால் வளவுக்குப் போய்விட வேண்டும். வெளியே நிற்கிறவர்களோடு கதைக்கக்கூடாது என்று அந்த ஒழுங்கு.

பள்ளிவாசலை நடத்துகிற மத்திச்சம் போனார். தயிர்க்காரி போனா. லெப்பை போனார். எல்லாரும் ஏழு தலைமுறை. காது கேளாத ஒரு கிழவரிடம் துரை, "உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டிருக்கிறார். "ஏழு தலைமுற!" என்று அவர் போட்ட சத்தம் வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. மாமா தலையில் கை வைத்தார்.

பிறகு எங்கள் ஆக்கள். மாமா, வாப்பா, ராத்தா. கடைசியில் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனா. உம்மாவுக்குப் பின்னால் நான். ஐந்து வருஷம் வேலிக்கு வெளியே நின்று பார்த்த வாசல் அது. நேரே நடந்து உள்ளே போனேன். மணல் காலுக்குச் சுகமாக இருந்தது.

துரை புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகம் சரியில்லை. மற்றவர்களையும் பின்வளவிலிருந்து உள்ளே கூப்பிட்டார்.

"எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்து நான் ஒன்றும் எழுத முடியாது." புத்தகத்தை மூடினார்.

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டா. சுண்ணாம்பு அவவுடைய நகத்தில் பெயர்ந்து வந்தது. அது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

"சேர்," என்றார் கிளாக்கர். "போகிறதுக்கு முந்தி இந்த மணலைக் கொஞ்சம் பாருங்கள்."

துரை எழுந்து போனார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். வாசல் மணலில் மூன்று பேருடைய தடம். ஒன்று துரையின் சப்பாத்து. ஒன்று கிளாக்கருடைய சப்பாத்து. மூன்றாவது ஒரு சின்ன வெறுங்கால், நடுவால், ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி.

"பதினேழு பேர் இந்த வாசலால் வந்தார்கள். நான் இங்கேதான் இருந்தேன். மற்றவர்கள் பறந்தா வந்தார்கள்?"

துரை உம்மாவைப் பார்த்தார். "நீங்கள் ஏன் தாண்டி வந்தீர்கள்?"

"தாண்டினனா?" உம்மாவுக்கு விளங்கவில்லை. வாசலைப் பார்த்தா. "அங்க கல்லு..." என்று தொடங்கி நின்றா. "கல்லுதான் இல்லியே," என்று தனக்குத்தானே சொன்னா.

மத்திச்சம் தன் காலைப் பார்த்தார். லெப்பையும் தன் காலைப் பார்த்தார். மாமா சப்பாத்தோடு தாண்டியிருந்தார். அவருக்கும் தெரியாது.

துரை இலேசில் விடுகிறவர் இல்லை. "தாண்டவும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்."

மாமா அதற்குள் என் காலடியைக் கண்டுபிடித்து, பின்னால் வந்து என் காதைத் திருகிவிட்டார். "மூதேவி, உன்னால எல்லாம் போச்சு," என்று பல்லைக் கடித்தார். நான் அழவில்லை. ஏன் திருகுகிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

கிளாக்கர் சிரித்தார். "சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்களே? பொய் சொல்லிக் கொடுக்கிறவன் சின்னப் பிள்ளையை முதலில் பழக்குவான்."

துரை என்னிடம் குனிந்தார். "நீ ஏன் தாண்டவில்லை?"

"இது எங்கட ஊடு, எங்கட உம்மாட ஊடு," என்றேன். எனக்குப் படிப்பித்தது அவ்வளவுதான்.

உம்மா முக்காட்டை விலக்கிவிட்டுச் சொன்னா. அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் உம்மா அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். "துரை, இந்த ஊட்ட உட்டுப் போகக்குள்ள இவள் இடுப்புல இருந்த புள்ள. இவளுக்கும் சேத்து நான்தான் தாண்டின. இவளுக்கு எப்பிடித் தெரியும்?"

துரை திரும்பவும் மணலைப் பார்த்தார். பிறகு கட்டிலில் போய் இருந்து, மூடின புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார்.

பத்து நாளில் வோச்சர் திறப்பைக் கொண்டு வந்து உம்மாவின் கையில் வைத்தான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் ராத்தாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் உம்மா முன்வாசலால் வந்தா, மணலை இரண்டு காலாலும் நன்றாக மிதித்துக்கொண்டு. அலுமாரியும், வெண்கலத் தண்ணிச் செம்பும், வளையம் போட்ட கதவில் ஒரு வளையமும் பட்டாளத்தோடு போயிருந்தன. கதவில் வெள்ளைப் பூச்சால் ஒரு இலக்கம் எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த இலக்கத்துக்குக் கீழால் உள்ளே வந்தார்.

கல்லைப் பற்றி எல்லாரும் மறந்துவிட்டார்கள், வாப்பாவைத் தவிர. கச்சேரி விறாந்தையில் ஆட்கள் அதில் குந்திப் பாண் சாப்பிடுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். வாப்பா கரத்தையைக் கட்டினார்.

"எங்க போறீங்க மச்சான்?" என்றார் மாமா. "அது நம்மட சொத்து. கொண்டு வந்து பழைய இடத்துலயே போடுவம்."

"அது ஒரு புள்ளைட மீசான்," என்றார் வாப்பா. "அந்தப் புள்ளைட தலமாட்டுல இரிக்க வேண்டியத நம்ம ஆக்கள் எடுத்துக்கிட்டு வந்திரிக்காங்க. தெரியாம எடுத்தாங்களோ தெரிஞ்சி எடுத்தாங்களோ. நமக்கு இப்ப தெரியும்."

மாமாவின் குரல் உயர்ந்தது. நான் வாப்பா சாறனைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவார் என்று பார்த்தேன். சாறனைச் சரிசெய்தார். எழுந்தார். கரத்தையில் ஏறி மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கற்பிட்டிக் கோட்டைப் பக்கத்துப் பழைய ஒல்லாந்தர் கோயிலுக்குக் கொண்டுபோய், காவல்காரனைக் கண்டு கதைத்து, மற்றக் கல்லுகளோடு போட்டுவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, காவல்காரனுக்கும் தெரியாது. சுமாராக ஒரு இடம் பார்த்து வைத்தோம் என்றார். நான் எத்தனையோ பேரோடு யாவாரத்தில் மோதியிருக்கிறேன், சத்தம் போட்டே வென்றிருக்கிறேன். சத்தம் போடாமல் எழுந்து போகிறவனைப் பயந்தவன் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்க எனக்கு நாற்பது வயது ஆயிற்று. அப்போது வாப்பா மவுத்தாகிவிட்டார்.

வாசலில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து வேறு படி கட்டினோம். வெறும் படி. எழுத்தும் இல்லை, உறுதியும் இல்லை. ஆனால் பழைய ஆக்கள் கடைசி வரைக்கும் அதைத் தாண்டித்தான் வந்தார்கள். உம்மா வாதம் வந்து கால் இழுத்துப்போன பிறகும் சுவரைப் பிடித்துத் தாண்டினா. நான் மட்டும்தான் மிதித்தேன். பிறகு பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நினைத்து நினைத்துத் தாண்டுகிறது தாண்டுகிறது ஆகாது.

ராத்தா அந்த வீட்டில் ஐந்து பிள்ளை பெற்றா, ஐந்தும் ஆண். சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை விரட்டின நேரம், ராத்தா கதவைத் திறந்துவிட்டு மூன்று குடும்பத்தை ஆறு வருஷம் வைத்திருந்தா. அந்தப் பிள்ளைகள் படியில் சறுக்கி விளையாடின. ராத்தா அவர்களைத் திட்டவில்லை, தான் மட்டும் தாண்டினா. கடைசியில் அவவுடைய பெடியன்கள் கொழும்பில் வீடு கட்டிக்கொண்டு இதை விற்கப் பார்த்தார்கள். நான் வாங்கினேன். பெண்பிள்ளைக்கு வாயால் கொடுத்த வீட்டை, பெண்பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கினாள். என் பெயரில் இப்போது கடுதாசி இருக்கிறது. முத்திரை ஒட்டின கடுதாசி.

ஹோட்டல்காரர் போன கிழமை திரும்ப வந்தார். பலகை எங்கே என்று கேட்கவில்லை, கோழிக்கூட்டைப் பார்த்துவிட்டார். வீட்டைத் தருவீர்களா என்றார். அவர் உள்ளே வருகிற நேரம் காலைப் பார்த்தேன், நேராகத்தான் வந்தார். அதற்காகத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. நானும் நேராக வந்தவள்தானே. தருவதற்கு மனம் இல்லை, அவ்வளவுதான்.

ராத்தா மவுத்தானது நான்கு வருஷத்துக்கு முந்தி. சந்தூக்கில் வைத்து முன்வாசலால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் பிடித்தவர்கள் இளந்தாரிகள். முன்னால் ஒரு பக்கம் தயிர்க்காரியின் மகன், அவனுக்கும் அப்போது எழுபது தாண்டிவிட்டது. படிக்கு வந்ததும் அவன் இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது காலை எட்டிப் போட்டான். சந்தூக்கு ஒரு பக்கம் சரிந்தது. "மெல்ல, மெல்ல!" என்று பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஏன் ஆடினது என்று அவர்களுக்குத் தெரியாது. ராத்தாவும் படியைத் தாண்டித்தான் வெளியே போனா.

போன நோன்பில் தயிர்க்காரியின் மகனும் போய்விட்டான். என் முறை வருகிற நேரம் தாண்டத் தெரிந்த ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டார். என்னைத் தூக்குகிறவர்கள் நேராகத்தான் போவார்கள். போகட்டும். நான் உள்ளே வந்ததும் நேராகத்தான், அதனால்தான் இந்த வீடு எங்களுக்கு வந்தது.